தேன்நிறக் குளவியின் வீட்டுக்காரர்

கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும் அக்கா, அன்று காலை ஒரு பூச்சியைப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"இந்தா, உன் சொந்தக்காரன் ஒருத்தன் வந்திருக்கான். என் ஜன்னல்ல உக்காந்திருந்தான்."

தங்கை டீயைக் கீழே வைத்தாள். "நீயா புடிச்ச?"

"புடிக்கவே வேணாம். டப்பாவைக் காட்டினேன், அதுவா உள்ள நடந்து வந்துடுச்சு." அக்கா சிரித்தாள். டப்பாவைக் கொடுத்த பிறகும் அதன் விளிம்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. "கொன்னுடாதடி. பாவமா இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பூச்சி அருங்காட்சியகத்தில் தங்கை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வரும்போது கைப்பையை உதறிவிட்டு உள்ளே வா என்று வாசலிலேயே நிறுத்தி வைக்கிற அக்கா. என் முடி நரைச்சதே உன் பூச்சியாலதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற அக்கா. அந்த வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல் வந்தது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனாலும் பேருந்தில் போகும்போது, மடியில் இருந்த டப்பாவைவிட அந்தச் சொல்தான் அவளை அதிகம் உறுத்தியது.

அக்காவுக்கும் அவளுக்கும் பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கவே தெரியாத சிறுமி. அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தது அப்போது. பெண் பார்க்க வந்தவர்களை, 'இவ படிச்சு முடிக்கட்டும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். இவள் படித்து முடித்தாள். அதற்குள் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகளுக்கெல்லாம் கூலி வாங்காமல் சட்டை தைத்துக் கொடுப்பாள். கொடுக்கும்போது அந்தச் சின்னச் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் அவளுடைய மேஜை. ஒட்டுண்ணிக் குளவிகள் அவள் பொறுப்பு. பிற பூச்சிகளின் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சுகளை அந்த உடம்பையே தின்று வளரவிடும் குளவிகள். எந்த உடம்பில் வளர்கிறதோ அதற்கு அங்கே 'வீட்டுக்காரர்' என்று செல்லப் பெயர். குடிவந்தவர்கள் சுவரைத் தின்று, கூரையைத் தின்று, கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு போனாலும் வாய் திறக்காத வீட்டுக்காரர்.

அக்கா கேட்டுக்கொண்டபடி செய்ய முடியவில்லை. குளவியைக் குப்பிக்குள் விட்டு ஸ்பிரிட்டை ஊற்றினாள். கூரைக் கண்ணாடியில் மழை தட்டிக்கொண்டிருந்தது. அந்துருண்டை வாடையும் ஸ்பிரிட்டின் கூர்மையும் பழைய மர அலமாரிகளின் ஈரமும் கலந்த அந்த அறையில், நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டு, கண்ணை வில்லையில் வைத்ததும் உலகம் சுருங்கி ஒரு குளவியாயிற்று.

அவளுக்கு இந்த வேலை மனப்பாடம். இப்படியா, அப்படியா என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பிடமும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கதவு மூடும், இன்னொன்று திறக்கும். கடைசிக் கதவில் பெயர் இருக்கும். முன்சிறகில் ஒரு குறுக்கு நரம்பு இல்லை. சரி, இன்ன குடும்பம். உணர்கொம்பில் பதினெட்டுக் கணுக்கள். சரி, கூட்டமாக வளரும் இனம். ஒரே கம்பளிப்புழுவுக்குள் டஜன் கணக்கில் அடைந்து கிடந்து, ஒரே நாளில் தோலைத் துளைத்து வெளியே வரும் வகை. அவை எள்ளளவுதான் இருக்கும், கன்னங்கரேல் என்று.

இது விரல் கணு நீளம் இருந்தது. தேன் நிறம். விளக்கு வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது.

தலையைத் திருப்பினாள். உச்சியில் இருக்கும் மூன்று குட்டிக் கண்கள் பாசிமணி போல் உப்பி, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. இருட்டில் வேலை செய்யும் குளவிக்கு மட்டும் அப்படி இருக்கும். கால் நகங்களில் சீப்புப் பற்கள். முடிக்குள் சிக்காமல் நடப்பதற்கு. முட்டையிடும் ஊசி குட்டையாக, தடித்து, நுனி பக்கவாட்டில் தீட்டப்பட்டிருந்தது. மரத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவைக் குத்துவதென்றால் ஊசி நீளமாக இருக்க வேண்டும். இது திறந்த வெளியில் கிடக்கும் உடம்புக்கான ஊசி. தோல் தடித்த உடம்புக்கு.

ஒவ்வோர் அடையாளமும் தனித்தனியே அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவை ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கக் கூடாதவை.

"வீட்டுக்காரர் யாராம்?" என்று அடுத்த மேஜையிலிருந்து பட்டாம்பூச்சிக்காரி கேட்டாள். புழுக்களை வளர்த்துப் பட்டாம்பூச்சியாக்கும் பிரிவு அவளுடையது. பின்கட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அதான் தெரியல. இருட்டுல இருக்கிறவர். உடம்புல முடி. தோல் தடிப்பு. ஒளிஞ்சுக்க மாட்டார், வெளியிலயே படுத்துக் கிடப்பார். குத்தினாலும் அசைய மாட்டார்."

"அட, அது என் வீட்டுக்காரர்தான். சாயங்காலமானா சோஃபாவுல வந்து பாரு."

இருவரும் சிரித்தார்கள். அவள் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். திரும்பி வரும் பேருந்தில்தான், சிரித்ததை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது, சொன்ன அடையாளமெல்லாம் மனித உடம்புக்கும் பொருந்தவே, பாதி வழியில் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த வாரம் அக்கா சாப்பிட்ட சாப்பாட்டை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டு நிறைய, இன்னொரு தட்டு நிறைய, பிறகு பாத்திரத்தைச் சாய்த்து வழித்து. "இருபது வயசுப் பசி எடுக்குதுடி" என்றாள். கன்னம் பூசினாற்போல் ஆயிற்று. முகத்தில் ஒரு பளபளப்பு. நாடக அரங்கம் ஒன்றுக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை வந்திருந்தது. எங்கோ கிடங்கில் வருடக்கணக்காகச் சுருட்டிக் கிடந்த கனமான வெல்வெட் துணி, சுருள் சுருளாக அக்காவின் அறையில் கூரை வரை அடுக்கியிருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி ஜன்னலில் அடித்துவிட்டாள் அக்கா. கண் கூசுகிறதாம். பகலிலும் அந்த அறை கிணறு மாதிரி இருந்தது. ஈரப் பஞ்சும் தேனும் கலந்தாற்போல் ஒரு வாடை, மூக்குக்கு முதலில் இதமாக இருந்து, பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை.

பிறகு ஒரு நாள் அக்கா சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

மெஷின் சத்தமும் நின்றது. அவள் வளர்ந்த வீட்டின் சத்தமே அதுதான். கடகடவென்று ஓடி, நின்று, நூலைக் கத்தரித்து, மறுபடி ஓடும் சத்தம். அது இல்லாத வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. மாடிப்படி முனகுவது கேட்டது. அக்காவின் அறைக் கதவில் காதை வைத்தால், துணிமேல் துணி உரசுவதுபோல் எதுவோ.

"அக்கா, டாக்டர்கிட்டப் போலாம் வா."

"எதுக்கு? உடம்புக்கு ஒண்ணுமில்லடி. முதுகுதான் கொஞ்சம் ஊறுது. தேய்ச்சு விடேன்."

அக்கா கட்டிலில் குப்புறப் படுத்துப் பின்னலை ஒதுக்கிக் கொடுத்தாள். கழுத்துக்குக் கீழே, முடி தொடங்கும் இடத்தில், சின்னச் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்ததுபோல. ஆனால் கொசு நேர்க்கோட்டில் கடிக்காது. நல்ல தையல்காரி போடும் தையல்போல, சம இடைவெளியில், கழுத்திலிருந்து சட்டைக்குள் இறங்கிப் போயின.

அவள் உள்ளங்கையை அக்காவின் முதுகில் வைத்தாள். தோல் சூடாக, இழுத்துக் கட்டியதுபோல் விண்ணென்று இருந்தது. தேய்த்தாள். கையை நிறுத்தினாள்.

கை நின்ற பிறகும், கைக்குக் கீழே எதுவோ நிற்கவில்லை.

தூங்கும் சினைப் பூனையின் வயிற்றைத் தொட்டால் குட்டிகள் புரளுமே, அப்படி. முதலில் ஓரிடத்தில். பிறகு அதற்குப் பக்கத்தில். பிறகு முதுகு முழுவதும், ஒன்று நகர்ந்ததால் இன்னொன்று இடம் பார்த்து நகர்வதுபோல.

"கையை எடுக்காதடி" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி. "நல்லா இருக்கு."

அவள் எடுத்துவிட்டாள். நடையிலிருந்த குழாய்க்கு ஓடிவந்து கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மருத்துவருக்கு ஃபோன் போட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உளறினாள். அவர் காலையில் வருவதாகச் சொன்னார். காலையில் மறுபடி கூப்பிட்டபோது, ரோடெல்லாம் தண்ணி, சாயங்காலம் கண்டிப்பாக வருகிறேன் என்றார். அக்காவின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினால், "நீ வேலைக்குப் போ. நான் நல்லா தூங்கணும்" என்று குரல் வந்தது. குரல் என்னவோ சாந்தமாகத்தான் இருந்தது. அந்த நடையில் நின்றுகொண்டு அந்த உரசலைக் கேட்க அவளால் முடியவில்லை. மழையில் இறங்கி அருங்காட்சியகத்துக்கு நடந்தாள்.

தப்பாகப் பார்த்திருப்பேன். அதைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். ஏதாவது ஓர் அடையாளம் தப்பாக இருக்கும். கணுக்களை மறுபடி எண்ணினால் வேறு இனமாக இருக்கும். ஏதோ ஒரு பாவப்பட்ட கம்பளிப்புழுவைத் தின்று வளர்ந்த, வழிதவறி வந்த குளவியாக இருக்கும்.

கணுக்கள் பதினெட்டுதான்.

நகத்தைப் பார்க்க வேண்டும். காலை இடுக்கியால் பிடித்துத் திருப்பி, விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். சீப்புப் பற்களுக்கு நடுவே எதுவோ மாட்டியிருந்தது. அன்றைக்கு நூல் என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது வில்லையைப் பெரிதாக்கினாள். நூல் இல்லை. ஒரு முடித்துண்டு. அடியில் வெள்ளை. மேலே, அக்கா மாதமொருமுறை குளியலறையில் தானே பூசிக்கொள்ளும் சாயத்தின் செம்பழுப்பு.

"ஏய், இங்க வா, ஒண்ணு காட்டணும்" என்றாள் பட்டாம்பூச்சிக்காரி. "உன் ஆளுங்க என் புழுவை நாசம் பண்ணிட்டாங்க."

கால்கள் தாமாக நடந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இலை. இலைமேல் வெள்ளைப் பஞ்சு உருண்டைகளாய்க் கூடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அவற்றின் மேல் குனிந்தபடி ஒரு பச்சைப் புழு. அதன் விலாவெல்லாம் துளைகள்.

"செத்திருக்கணும் இது. உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல. ஆனா பாரேன்." பட்டாம்பூச்சிக்காரி ஒரு தூரிகை நுனியைக் கூடுகளின் பக்கம் நீட்டினாள். புழு தலையைத் தூக்கி, உடம்பையே சாட்டையாக்கி, தூரிகையை ஓங்கி அடித்தது. அடித்துவிட்டு மறுபடி கூடுகளின் மேல் குனிந்துகொண்டது. "திங்காது. நகராது. யாரு கிட்ட வந்தாலும் அடிக்கும். தன்னைத் தின்னதுகளுக்கே காவல். பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா, இல்ல?"

அவள் மழையில் இறங்கி வீட்டுக்கு ஓடினாள். குடையைக்கூட எடுக்கவில்லை.

வீடு இருட்டாக இருந்தது. பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை, ஆனால் மேகம் தெருவை மூடியிருந்தது. மின்சாரம் இல்லை. மருத்துவர் இன்னும் வரவில்லை. நடையில் அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தத் தேன் வாடை வாசல் வரைக்கும் வந்து நின்றது.

"அக்கா?"

கதவு தாழ் போடவில்லை. திறந்தே இருந்தது.

ஃபோன் விளக்கைப் போட்டாள். வெல்வெட் சுருள்கள். மெஷின். அதன் ஊசியில் கோத்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில்.

கட்டிலின் மேல் அக்கா மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, முதுகை வளைத்து, தலை தொங்க. சட்டையின் முதுகு முழுவதும் ஈரம். காசு காசாக, வட்ட வட்டமாக. ரத்தம் இல்லை. அக்காவுக்குக் கீழே மெத்தைமேல் ஒரு புதுத் துணி விரித்திருந்தது. அருமையான தையல், ஓரமெல்லாம் மடித்துப் பூவேலை செய்தது. அதன்மேல், வரிசை வரிசையாக, ஆள்காட்டி விரல் பருமனுக்கு, வெள்ளைப் பஞ்சுக் கூடுகள்.

"அக்கா. எழுந்திரு. எழுந்து வா. போயிடலாம்."

ஓரடி வைத்தாள்.

அக்காவின் மேலுடம்பு சுழன்றது. முழங்கை அவள் மார்பில் விழுந்தது. அவள் கதவுச் சட்டத்தில் மோதி விழுந்தாள். ஃபோன் தரையில் உருண்டு, கூரையைப் பார்த்து வெளிச்சம் போட்டது. அக்கா அதற்குள் பழையபடி குனிந்துவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை. தலை மட்டும் இடமும் வலமும், இடமும் வலமும்.

"ஷ்ஷ்" என்றாள் அக்கா. "தூங்குறாங்கடி."

அவள் எழுந்தாள். ஓடியிருக்கலாம். கதவு முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் கட்டிலில் இருந்தது அக்கா. அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் இதே மாதிரி மேலே குனிந்து நின்ற அக்கா. தரையோடு தவழ்ந்து, பக்கவாட்டில் வந்து, அக்காவின் கையைப் பற்றி இழுத்தாள்.

கை வந்தது. எடையே இல்லாமல் வந்தது. தைத்து முடித்து ஆணியில் மாட்டிய சட்டையின் கை மாதிரி. தோல் இருந்தது. வளையல் இருந்தது. உள்ளே பிடிக்க எதுவும் இல்லை.

அந்தக் கை மெல்லத் திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டியா" என்றாள் அக்கா. அவளைப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு பிரியம். "இங்கயே உக்காரு. எங்கயும் போயிடாத. என்கிட்ட இனிமே ஒண்ணுமில்லடி. கண்ணு முழிக்கும்போது பசிக்கும் இவங்களுக்கு."

அவள் உதறினாள். காகிதம்போல் இருந்த அந்தக் கை விடவில்லை. இன்னொரு முறை உதறினாள்.

சத்தம் கேட்டது.

கரகரவென்று, மிக மெல்லிய சத்தம். பஞ்சுக்குள்ளிருந்து. முதல் வரிசையின் ஓரக் கூட்டில், நுனியில், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் ஒரு வட்டம் விழுந்தது. மூடி திறந்தது. ஈரமான, தேன் நிறமான தலை ஒன்று வெளியே வந்தது. இரண்டு உணர்கொம்புகளையும் ஒவ்வொன்றாக உருவித் துடைத்துக்கொண்டது.

அக்காவின் தலையாட்டல் நின்றது. பின்னலை முன்னால் இழுத்து, நுனி அதற்கு எட்டும்படி, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். அது பின்னலைப் பற்றி ஏறியது. முடிக்குள் எங்கும் சிக்கவில்லை. தோள் வரை வந்தது. அங்கே நின்று, சிறகை விரித்துக் காயவிட்டு, உணர்கொம்புகள் நடுங்க, மழையில் நனைந்து சூடாய் மூச்சிரைத்துக்கொண்டிருந்த தங்கையின் பக்கம் திரும்பியது.

இன்னொரு மூடி திறந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு அந்த வரிசை முழுவதும்.